ராணி மார்கோ (1994): இதைக் காதல் படம் என்று யார் சொன்னது?

ரயிலடி:
பத்ரிஸ் ஷெரோ இயக்கிய 'ராணி மார்கோ' பார்த்து முடித்தேன், இசபெல் அட்ஜானி நடித்தது. எங்கே தேடினாலும் "வரலாற்றுக் காதல் காவியம்" என்றே போட்டிருக்கிறார்கள். நான் பார்த்தது இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் ரத்தக் களரி. காதல் என்று எடுத்தால், முகமூடி போட்டுக்கொண்டு சந்தில் ஒரு தடவை, காதலன் லா மோல் வெட்டுப்பட்டு மார்கோவின் அறைக்குள் வந்து விழும்போது ஒரு தடவை, அப்புறம் ஒளிந்து ஒளிந்து சில சந்திப்புகள், கடைசியில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் போகிறாள். அந்த லா மோல் அவளிடம் என்ன பேசினான், அவனிடம் அவளுக்கு என்ன பிடித்தது, ஒன்றும் மனதில் நிற்கவில்லை. நடிப்பு, ஒளிப்பதிவு எல்லாம் பிரமாதம், அதில் சண்டை இல்லை. காதல் எங்கே என்று பிடித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழையரீல்:
முதலில் எந்தப் பிரதி என்று சொல்லுங்கள். இந்தப் படத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. 1994இல் கான்ஸ் திரைப்பட விழாவில் போட்டது 2 மணி 40 நிமிடத்தைத் தாண்டும். அமெரிக்காவில் வாங்கி வெளியிட்டவர்கள் அதில் சுமார் 20 நிமிடத்தைக் குறைக்க வைத்தார்கள். குறைத்தது போதாதென்று, ஷெரோ தானே வேண்டாம் என்று ஒதுக்கியிருந்த ஒரு காட்சியைத் திரும்பச் சேர்க்கவும் வைத்தார்கள். மார்கோவும் லா மோலும் ஒரே சிவப்புப் போர்வைக்குள் நிற்கும் காட்சி அது. விளம்பரத்துக்கும் அதே படம்தான். "காதல் காவியம்" என்ற பெயர் பெரும்பாலும் அந்தப் போர்வையிலிருந்து வந்தது. நீண்ட பிரதி பார்த்தவரும் குறுகிய பிரதி பார்த்தவரும் சண்டை போடுவது இந்தப் படத்துக்குப் புதிதில்லை, ஏனென்றால் இரண்டு பேரும் பார்த்தது ஒரே படம் இல்லை.

ரயிலடி:
நான் பார்த்தது நீண்டது, மறுசீரமைத்த பிரதி. சிவப்புப் போர்வையே வரவில்லை. அதாவது காதல் படம் என்று சொல்வதற்காகவே ஒரு காட்சியை ஒட்டவேண்டி இருந்திருக்கிறது. நான் கேட்டதற்கு அதுவே பாதிப் பதில்.

கடைசிபெஞ்ச்:
முதல் அரை மணி நேரத்தில் ஹென்றி என்று மூன்று பேர் வந்தார்கள். எல்லோருக்கும் நீளமுடி, எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை, எல்லோரும் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார்கள். யார் மாப்பிள்ளை, யார் கள்ளக்காதலன், யார் அண்ணன் என்று எனக்குப் பிடிபடுவதற்குள் கல்யாணமே முடிந்துவிட்டது. யாராவது ஒரு புண்ணியவான் சுருக்கமாகச் சொன்னால் மறுபடி பார்ப்பேன்.

ஏட்டுச்சுரைக்காய்:
சொல்கிறேன். 1572, பிரான்ஸ். கத்தோலிக்கர்களுக்கும் ஹியூகனாட் என்ற புராட்டஸ்டன்டுகளுக்கும் பத்து வருடமாக விட்டு விட்டு உள்நாட்டுப் போர். சமாதானத்துக்காக ஒரு கல்யாணம் ஏற்பாடாகிறது. பெண் மார்கோ, அரசன் ஒன்பதாம் சார்லஸின் தங்கை. மாப்பிள்ளை நவார் நாட்டு ஹென்றி, புராட்டஸ்டன்ட். இது முதல் ஹென்றி. இரண்டாவது ஆன்ஷூ பிரபு ஹென்றி, மார்கோவின் அண்ணன், அம்மாவின் செல்லப்பிள்ளை, பிறகு மூன்றாம் ஹென்றி என்று முடிசூடியவன். மூன்றாவது கீஸ் பிரபு ஹென்றி, கத்தோலிக்கர் கட்சியின் கதாநாயகன், மார்கோவின் பழைய காதலன். அம்மா கேத்தரின் தெ மெடிசி, ஃபுளோரன்ஸ்காரி.

ஆகஸ்ட் 18 கல்யாணம். 22ஆம் தேதி புராட்டஸ்டன்ட் தலைவர் கொலின்யியைத் தெருவில் சுடுகிறார்கள், காயத்தோடு தப்பிக்கிறார். 23 இரவு தாண்டி 24 விடியும் நேரத்தில் அவரைப் படுக்கையறையிலேயே வெட்டி ஜன்னல் வழியாக எறிகிறார்கள். கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிகள் உட்பட பாரிஸில் மட்டும் இரண்டாயிரம், மூவாயிரம் பேர் செத்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. புனித பர்த்தலோமேயு நாள் படுகொலை என்பது இதுதான்.

மூன்று ஹென்றிகளுமே கொலையுண்டு செத்தவர்கள். 1588இல் ப்ளுவா அரண்மனையில் கீஸை ஆன்ஷூ ஆள் வைத்துக் கொன்றான். அடுத்த வருடம் ஒரு துறவி ஆன்ஷூவைக் குத்தினான். 1610இல் நவார் ஹென்றியை ரவையாக் என்பவன் குத்திக் கொன்றான். படம் இதுவரை போகாது. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அந்த மூன்று பேரும் ஒரே அறையில் இருக்கும்போதெல்லாம் ஒரு நெருடல் இருக்கும்.

கடைசிபெஞ்ச்:
நன்றி ஐயா. படத்தில் இதைச் சொல்லியிருக்கலாமே!

தேன்சிட்டு:
ரயிலடிக்குப் பதில். காதல் எங்கே என்று கேட்டீர்கள். நீங்கள் ஒற்றை வரியில் தாண்டிப்போன அந்தச் சந்தில்தான் இருக்கிறது.

முந்தின காட்சியை நினைத்துப் பாருங்கள். நோத்ர் தாமில் பாதிரியார் சம்மதம் கேட்கிறார், அவள் வாயைத் திறக்கவில்லை, அரசனான அண்ணன் பின்னாலிருந்து அவள் தலையைத் தள்ளுகிறான், தலை குனிந்தது சம்மதமாகிவிட்டது. அன்றிரவு புருஷன் வருகிறான். கீஸ் பக்கத்து அறையில் ஒளிந்து ஒட்டுக் கேட்கிறான். அவள் உடம்பு அரசியல் பொருள், யாருக்கு எப்போது கொடுப்பது என்று வீட்டு ஆண்களும் அம்மாவும் பேசி முடித்தது. அதற்குப் பிறகுதான் அவள் முகமூடி போட்டுக்கொண்டு தோழி ஹென்ரியெத்தைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறாள். பெயர் தெரியாத ஒருவனைத் தானே பொறுக்குகிறாள். அவளாக எடுத்த முதல் முடிவு அது. அதனால்தான் அவன் யாராக இருந்தாலும் அவளுக்கு முக்கியமாகிவிடுகிறான். அவன் அழகாகப் பேசினானா என்று நாம் பார்க்கிறோம், அவள் பார்த்தது அதை இல்லை.

இன்னொன்று, அட்ஜானியின் முகம். அந்தப் படுகொலை இரவில் அவன் உள்ளே வந்து விழும்போது அந்த முகம் ஓரிரண்டு நொடிக்குள் பயம், அடையாளம் தெரிவது, வெட்கம், கோபம் எல்லாவற்றையும் கடந்து போகும். பிரெஞ்சு சினிமாவின் பெரிய விருதான சேசாரைச் சும்மா கொடுக்கவில்லை.

பழையரீல்:
அந்த வருடம் ஐந்து சேசார் வாங்கியது. அட்ஜானி, அரசனாக நடித்த ழான்-ஹ்யூக் ஆங்லாட், அம்மாவாக நடித்த விர்னா லிசி, ஒளிப்பதிவு, ஆடை. லிசிக்குக் கான்ஸிலும் சிறந்த நடிகை விருது. படத்துக்கு நடுவர் குழுப் பரிசு. லா மோலாக நடித்த வின்சென்ட் பெரெஸுக்கு இந்தக் கணக்கில் ஒன்றும் வரவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காதலனைத் தவிர எல்லோருக்கும் விருது கிடைத்த காதல் படம்!

ஏட்டுச்சுரைக்காய்:
அந்தத் தலையைத் தள்ளும் காட்சியைப் பற்றி. அது பிற்கால வரலாற்றாசிரியர்கள் எழுதியது. மார்கோ தன் கல்யாணத்தைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கிறாள், அதில் தன் உடையையும் கிரீடத்தையும் வர்ணிக்கிறாள், தலையைத் தள்ளியதாக இல்லை. கல்யாணமும் கோயிலுக்குள் நடக்கவில்லை. மாப்பிள்ளை புராட்டஸ்டன்ட் என்பதால் நோத்ர் தாம் வாசலில் மேடை போட்டு நடத்தினார்கள், பிறகு பூசைக்கு அவள் மட்டும் உள்ளே போனாள், மாப்பிள்ளை இடத்தில் ஆன்ஷூ நின்றான். அண்ணனே மாப்பிள்ளைக்குப் பதிலாள்! ஷெரோ இதை எப்படி விட்டார் என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம், அவர் எடுத்ததைவிட இதுதான் விகாரம்.

லா மோல் விஷயம் இன்னும் மோசம். நிஜத்தில் அவன் கத்தோலிக்கன். அதுவும் பக்திமான். மார்கோவின் தம்பி அலான்சோனிடம் வேலை பார்த்தவன். 1572இல் நாற்பதைத் தாண்டிய ஆள். அவனைப் புராட்டஸ்டன்ட் இளைஞனாக்கிப் படுகொலையில் மாட்டவைத்தது இந்தப் படத்துக்கு மூலமான நாவலை 1845இல் எழுதிய அலெக்சாண்டர் டூமா.

ரயிலடி:
அப்போ வெட்டுப்பட்டு ஓடிவந்து அவள் கட்டிலில் விழுந்தது?

ஏட்டுச்சுரைக்காய்:
அது நடந்தது, ஆள்தான் வேறு. மார்கோவின் நினைவுக்குறிப்புகள் அவள் இறந்தபின் 1628இல் அச்சாயின. அதில் இருக்கிறது. விடியற்காலையில் யாரோ "நவார், நவார்" என்று கத்திக்கொண்டு கதவை உதைக்கிறார்கள். புருஷன் என்று நினைத்து தாதி திறக்கிறாள். லெரான் என்று ஒருவன், முழங்கையில் வாள்வெட்டு, புஜத்தில் ஈட்டிக்காயம், பின்னாலேயே நான்கு வில் காவலர்கள். அவன் நேரே கட்டிலில் பாய்ந்து அவளைப் பிடித்துக்கொள்கிறான், அவள் மறுபக்கம் உருண்டு விழுகிறாள், அவனும் பிடியை விடாமல் கூடவே விழுகிறான். இரண்டு பேரும் அலறுகிறார்கள். காவல் தளபதி நான்சே வந்து, அந்த நிலைமையிலும் சிரிப்பை அடக்க முடியாமல், அவன் உயிரை அவளுக்கு விட்டுக்கொடுக்கிறார். ரத்தம் பட்ட சட்டையை மாற்றிக்கொண்டு அவள் அக்கா அறைக்குப் போகிறாள். லெரானை அதற்கு முன் அவளுக்குத் தெரியும் என்றோ, பிறகு காதலித்தாள் என்றோ ஒரு வார்த்தை கிடையாது. டூமா அந்தக் கட்டிலில் லெரானை எடுத்துவிட்டு லா மோலைப் போட்டார், கதை கிடைத்தது.

தேன்சிட்டு:
நல்ல மாற்றம்தானே? நாவலாசிரியன் வேலை அதுதான்.

ஏட்டுச்சுரைக்காய்:
நான் குறை சொல்லவில்லை அம்மா. டூமாவுக்கு முன்பே இந்தக் கதைக்குக் காதல் சாயம் பூசியாகிவிட்டது. 1574 ஏப்ரல் 30 அன்று லா மோலையும் அவன் கூட்டாளி கொக்கனாஸையும் பாரிஸில் தலை வெட்டினார்கள். குற்றச்சாட்டு அரசனுக்கு எதிரான சதி. மெழுகு பொம்மை செய்து சூனியம் வைத்தான் என்றும் சேர்த்தார்கள். மார்கோ அந்தத் தலையை வாங்கிப் புதைத்தாள் என்பது அப்புறம் கிளம்பிய கதை. 1830இலேயே ஸ்தந்தால் தன் நாவலில், மத்தில்த் என்ற பெண் ஒவ்வொரு ஏப்ரல் 30க்கும் கறுப்பு உடுத்துவதாக எழுதிவிட்டார். தலை மடியில் இல்லாமல் இந்தப் படத்தை எடுத்திருந்தால் பிரெஞ்சுக்காரர்கள் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

செயின்கரை:
நான் பாரிஸில் இருக்கிறேன். படத்தில் வரும் அரண்மனையான லூவ்ரின் கிழக்கு வாசலுக்கு எதிரிலேயே செயின்ட் ஜெர்மேன் லொக்சேருவா தேவாலயம் நிற்கிறது. அந்த மணிதான் அன்றிரவு அடித்தது என்பார்கள். ரிவோலி தெருவில் கொலின்யிக்குப் பெரிய சிலை இருக்கிறது, சுற்றுலாப் பயணிகள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வேலைக்குப் போகும்போது நானும் பார்ப்பதில்லை, படம் பார்த்தபிறகுதான் ஒருநாள் நின்று பார்த்தேன்.

இங்கே எல்லோரும் காதலைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு அந்த நடுப்பகுதிதான் படம். கதவைத் தட்டுவது, மாடிப்படியில் துரத்துவது, பிணங்களை வண்டியில் ஏற்றிக் குழிக்குள் தள்ளுவது. என் அம்மாவும் கூட உட்கார்ந்திருந்தார். கதவு தட்டும் இடத்தில் எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. ஏன் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

படம் வந்த காலத்தில் பொஸ்னியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. இசையமைத்த கோரான் பிரெகோவிச் சரயேவோக்காரர். பக்கத்து வீட்டுக்காரன் பக்கத்து வீட்டுக்காரனை வெட்டுவதை 1994இல் திரையில் பார்த்தவர்களுக்கு அது 16ஆம் நூற்றாண்டாகத் தெரிந்திருக்காது.

பழையரீல்:
செயின்கரை சொன்னதோடு ஒன்று. ஷெரோ நாடகத்திலிருந்து வந்தவர், 1972இலேயே ஆங்கில நாடகாசிரியர் மார்லோவின் நாடகத்தை எடுத்து இதே படுகொலையை மேடையில் போட்டவர். அதாவது இருபது வருடத்துக்கு மேல் இந்த இரவு அவர் மண்டைக்குள் ஓடியிருக்கிறது. லா மோல் அல்ல, இந்த இரவு. காதல் பகுதி மெலிந்து கிடப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அரண்மனையையும் பாருங்கள். வழக்கமான ராஜா ராணிப் படத்தில் ஆளுக்கொரு மடிப்புக் காலரும் மெழுகு பூசிய முகமுமாக நிற்பார்கள். இதில் சட்டை கிழிந்து, முடி கலைந்து, கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு, லூவ்ர் என்பது சம்பந்திச் சண்டை நடக்கும் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. தனியறை என்று ஒன்றே கிடையாது. எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே ஒருவன் நிற்கிறான்.

கடைசிபெஞ்ச்:
ஒரு சந்தேகம். அட்ஜானி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மார்கோவுக்கு அப்போது என்ன வயது? எனக்கு எல்லோருமே நடுத்தர வயதாகத் தெரிந்தார்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:
நல்ல கேள்வி. கல்யாணத்தன்று மார்கோவுக்கு 19. மாப்பிள்ளை ஹென்றிக்கு 18. அரசன் சார்லஸுக்கு 22, ஆன்ஷூவுக்கு 20, கீஸுக்கு 21, கடைக்குட்டி அலான்சோனுக்கு 17. பெரியவர்கள் என்றால் 53 வயது கேத்தரினும் கொலின்யியும்தான். படத்தில் அட்ஜானி நாற்பதை நெருங்குகிறார், ஆங்லாடும் அப்படியே, ஹென்றியாக வரும் தானியல் ஒத்தேய் நாற்பதைத் தாண்டிவிட்டார். நிஜத்தில் நாற்பதைத் தாண்டிய லா மோல் ஒருவனுக்குத்தான் முப்பது வயது நடிகர்!

ரயிலடி:
இதைப் படித்ததும் படமே எனக்கு மாறிவிட்டது. கல்லூரி வயதுப் பிள்ளைகள் ஒரு நாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவைப் பார்க்கிறார்கள். "எல்லோரையும் கொல்லுங்கள், ஒருவன்கூட மிஞ்சி என்னைக் குறை சொல்லக் கூடாது" என்று சார்லஸ் கத்தியதாகச் சொல்லும் அந்த இடம், 22 வயதுப் பையன் கத்துவதாக நினைத்தால் வேறு மாதிரி இருக்கிறது. நாற்பது வயது நடிகர்களை வைத்ததில் ஷெரோ இதை இழந்துவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

தேன்சிட்டு:
ஆங்லாடைக் குறை சொல்லாதீர்கள். அவர் உடம்பு வயதானது, ஆடுவது குழந்தை. காட்டுப்பன்றி வேட்டையில் பன்றி தன்மேல் பாயும்போது கூடப்பிறந்த தம்பிகள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், ஹென்றி மட்டும் குதித்துக் காப்பாற்றுகிறான். அதற்குப் பிறகு சார்லஸ் ஹென்றியைப் பார்க்கும் பார்வையைப் பாருங்கள். முதல் முறையாக ஒரு நண்பன் கிடைத்த பையன். கடைசியில் ஹென்றிக்கென்று அம்மா விஷம் தடவிவைத்த புத்தகத்தை அவனே புரட்டிப் படித்துச் சாகிறான், வேர்வையாக ரத்தம் வழிய. நிஜத்தில் காசநோய் என்பார்கள், இருக்கட்டும், அம்மா கையால் சாவது அவனுக்கு இன்னும் பொருத்தம்.

உப்புக்காற்று:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். லா மோலை விட்டுத் தள்ளுங்கள். இந்தப் படத்தில் ஜோடி மார்கோவும் ஹென்றியும்தான். யாருமே அதைச் சொல்லாதது வேடிக்கை.

முதலிரவுக் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். அவன் அவளிடம் காதல் கேட்கவில்லை. எனக்கு எதிரியாக இருக்காதே, துணையாக இரு என்கிறான். அவள் அவனை வெறுக்கிறாள், அவன்மேல் வரும் நாற்றத்தைக்கூடச் சொல்லிக் காட்டுவது போல ஒரு முகம். ஆனால் அந்தப் படுகொலைக்குப் பிறகு அந்த அரண்மனையில் இரண்டு கைதிகள், ஒருவன் வெளியூர்க்காரன், ஒருத்தி சொந்த வீட்டிலேயே. அங்கிருந்து அவர்களுக்குள் வளர்வதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? ஒத்தேய் அதை நடிக்கும் விதம் இருக்கிறதே, மதத்தை மாற்றிக்கொண்டு, அவமானத்தை விழுங்கிக்கொண்டு, உயிரோடு இருப்பதை ஒரு தொழிலாகவே செய்கிறார்.

வரலாறும் என் பக்கம்தான். படுகொலை முடிந்து சில நாள் கழித்துக் கேத்தரின் மகளிடம், உன் புருஷன் உன்னோடு சேர்ந்தானா, இல்லையென்றால் கல்யாணத்தை ரத்து செய்துவிடலாம் என்கிறாள். மார்கோ ஆமாம் என்றோ இல்லை என்றோ பிடிகொடுக்கவில்லை. என்னை அவனிடம் கொடுத்துவிட்டீர்கள், அங்கேயே இருக்கிறேன் என்கிறாள். தன்னை அவனிடமிருந்து பிரிப்பது அவனைத் தீர்த்துக்கட்டத்தான் என்று தனக்குப் புரிந்தது என்று அவளே எழுதியிருக்கிறாள். 1574இல் சதி வழக்கு வந்தபோது ஹென்றிக்காக வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்ததும் அவள்தான். அதே வழக்கில்தான் லா மோல் செத்தான்.

தேன்சிட்டு:
அது விசுவாசம், காதலாகாது. ஹென்றிக்கு அவளைத் தவிர எல்லாப் பெண்களும் வேண்டும். அவளும் அப்படியே.

உப்புக்காற்று:
சரி, ஒப்புக்கொள்கிறேன், இரண்டு பேருக்கும் படுக்கை வேறு வேறு. பெரிய சண்டைகளும் போட்டார்கள், ஒரு கட்டத்தில் அவனுக்கு எதிராகவே ஆயுதம் எடுத்தாள். அதனால் உசோன் கோட்டையில் 19 வருடம் முடங்கிக் கிடந்தாள். ஆனால் 1599இல் கல்யாணத்தை ரத்து செய்ய அவன் கேட்டபோது நல்ல பேரத்தோடு சம்மதம் கொடுத்தாள், ராணிப் பட்டத்தை விடாமல். 1605இல் பாரிஸ் திரும்பினாள். அவனுடைய இரண்டாம் மனைவியோடு ராசியாக இருந்தாள், அந்தப் பிள்ளைக்கு, அதாவது பிற்காலத்துப் பதிமூன்றாம் லூயிக்கு, தன் சொத்தை எழுதிவைத்தாள். லா மோலுக்காக அவள் செய்ததாக நம்மிடம் இருப்பது ஒரு தலைக்கதை. ஹென்றிக்காகச் செய்தது நாற்பது வருடக் கணக்கு.

ரயிலடி:
இதை ஏற்கிறேன். ஆனால் அப்படியானால் ஷெரோ தப்பான இடத்தில் படத்தை முடித்திருக்கிறார். கடைசி ஃபிரேமில் அவள் மடியில் இருப்பது லா மோல்.

உப்புக்காற்று:
வண்டி போவது எங்கே? நவாருக்கு, ஹென்றியிடம். நிஜத்தில் அவன் தப்பியதே 1576இல், அவள் அங்கே போய்ச் சேர்ந்தது 1578இல். அந்த நான்கு வருடத்தையும் தூக்கிப்போட்டுவிட்டு அவளை நேரே அவனிடம் அனுப்பியது ஷெரோதான், யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

தேன்சிட்டு:
புருஷன் ஊருக்குப் போகிற வண்டியில் காதலன் தலை. நீங்கள் வண்டியைப் பார்க்கிறீர்கள், நான் தலையைப் பார்க்கிறேன். இதில் சமாதானத்துக்கு இடமில்லை.

கடைசிபெஞ்ச்:
1954இல் ழான் மொரோ நடித்து ஒரு பழைய ராணி மார்கோவும் இருக்கிறதாமே. அதில் ஹென்றிகளை அடையாளம் கண்டுபிடிக்க முடியுமா? முடியுமென்றால் அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பழையரீல்:
முடியும், அதில் எல்லோரும் குளித்துத் தலைசீவி வருவார்கள். ஆனால் வேண்டாம், நீண்ட பிரதியையே மறுபடி போடுங்கள். ஏட்டுச்சுரைக்காய் எழுதியதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் அரை மணி நேரம் தாண்டிவிட்டால் பிறகு தேவைப்படாது.